மணலில் மழை வந்தால் முன்பணம் என்னாகும்?

பாலைவனத்துக்குக் கிளம்புகிறவர் தண்ணீர் பாட்டில், தொப்பி, கூலிங் கிளாஸ் எல்லாம் மறக்காமல் எடுத்துவைப்பார். ஒருவர் குடையையும் சேர்த்து எடுத்துவைத்தால் வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். ஆனால், 2006 ஆகஸ்டில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது தாகம் அல்ல, வெள்ளம். ஓராண்டுக்குப் பெய்யவேண்டியதைவிட அதிக மழை சில நாள்களிலேயே கொட்டித் தீர்த்தது. கவாஸ் என்ற கிராமமே மூழ்கிப்போனது. மணலுக்கு அடியில் ஜிப்சம் படிவம் இறுகிக் கிடந்ததால் தண்ணீருக்குக் கீழே இறங்க வழியில்லை. வாரக்கணக்கில் அங்கேயே நின்றது.

புனேயின் வாகட் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஹிஞ்சவடி ஐ.டி. பூங்கா, ஊரை ஒட்டி மும்பை - பெங்களூரு நெடுஞ்சாலை, கூப்பிடு தூரத்தில் மும்பை விரைவுச்சாலை. ஒரு காலத்தில் வயல்களாக இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். தமிழ்க் குடும்பங்களும் கணிசம். வாரம் முழுக்கத் திரையைப் பார்த்துச் சலித்த கண்களுக்கு வார இறுதியில் ஒரு கூடாரம் வேண்டும். கிட்டத்தில் என்றால் பவனா அணைக்கரை. லோககட், திகோனா, துங் கோட்டைகளுக்கு நடுவே கிடக்கும் அந்த நீர்தான் பிம்ப்ரி - சிஞ்ச்வட் குழாய்களிலும் வருகிறது. இன்னும் கொஞ்சம் ஆசைப்பட்டால் குஜராத்தின் கட்ச் மாவட்டத்து வெள்ளை ரண், அல்லது ஜெய்சல்மேரின் சம் மணல்மேடுகள். ஜனவரி 26 திங்கள்கிழமையில் வந்துவிட்டால் போதும், வாட்ஸ்அப் குழுக்கள் பரபரக்கும்.

திட்டம் எப்போதும் ஒரே அச்சில்தான் இருக்கும். வெள்ளி இரவு கிளம்பி ஜோத்பூர். அங்கிருந்து சுமார் 280 கிலோமீட்டர் சாலைவழி ஜெய்சல்மேர். சனி மாலை ஒட்டகம், ஜீப், கால்பேலியா நடனம், தால் பாட்டி சூர்மா. இரவு கூடாரம். ஞாயிறு கோட்டை, திங்கள் திரும்புதல், செவ்வாய் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங். வானிலைக்கு இந்தத் திட்டத்தில் அரை நாள்கூட ஒதுக்கப்பட்டிருக்காது. முன்பணமோ போன மாதமே போய்ச் சேர்ந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவிலேயே வானிலையோடு நெருங்கிய உறவுள்ள ஊர்களில் ஒன்று புனே. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து இங்கேதான் வந்தது. 1944இல் தில்லிக்குப் போகும்வரை இங்கேயே இருந்தது. சிவாஜிநகரில் அந்தக் கட்டடத்தை இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே ஆட்டோக்காரர்கள் சொல்கிறார்கள். பாஷாணில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 1962இல் தொடங்கியது. இடி மின்னலை முன்கூட்டிச் சொல்லும் ‘தாமினி’ செயலி அங்கே உருவானதுதான். 2025 மே 26 அன்று நாட்டுக்கு அளிக்கப்பட்ட ‘பாரத் முன்கணிப்பு அமைப்பு’ம் அங்கே பிறந்ததே. 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து வானிலையைக் கணிக்கிறது அது. வாகட்டிலிருந்து பாஷாணுக்கு டிராஃபிக் இல்லாத நேரத்தில் அரை மணிக்குள் போய்விடலாம். தகவலுக்குப் பஞ்சமில்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனையும்.

பிறகு ஏன் மாட்டிக்கொள்கிறார்கள்?

ஒரு காரணம், பாலைவன வானிலையின் குணம். தார்ப் பாலைவனத்தில் கோடைக்காலப் புழுதிப் புயல் சில நிமிடங்களில் எழும். 2018 மே 2 இரவு ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் வீசிய புழுதிப் புயலிலும் இடிமழையிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தூக்கத்தில், இடிந்த சுவர்களுக்கு அடியில். குளிர்காலம் பத்திரம் என்று நினைத்தால் அதுவும் முழு உண்மையில்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேற்கத்திய இடையூறுகள் வரும்போது மழை பெய்யும், சில சமயம் ஆலங்கட்டியும் விழும். கோதுமை, கடுகு விதைத்தவருக்கு அந்த மழை வரம். இரவில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் ஊரில் நனைந்த கம்பளியோடு படுத்திருப்பவருக்கு அது வேறு. ராஜஸ்தானின் சுருவில் 2019 ஜூனில் 50.8 டிகிரி பதிவானது. அதே சுருவில் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். 2023 ஜூன் 15 அன்று கட்ச் கடற்கரையில் ஜகாவ் அருகே கரையேறிய பிபர்ஜாய் புயல், வலுவிழந்த பிறகும் பார்மர், ஜாலோர், சிரோஹி மாவட்டங்களை வெள்ளக்காடாக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது.

இன்னொன்று, எச்சரிக்கையின் அளவு. வானிலைத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மாவட்டவாரியாக நிறம் கொடுக்கிறது. ஜெய்சல்மேர் மாவட்டத்தின் பரப்பு 38,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஏறக்குறைய முழுக் கேரளத்துக்குச் சமம். காசர்கோட்டில் மழை வருமா, பாறசாலையில் வருமா என்று சொல்லாமல் ‘கேரளத்தில் சில இடங்களில்’ என்றால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் அங்கே ஒரு மஞ்சள் எச்சரிக்கை. மழை மேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான். ஆகவே ஒன்பது முறை எதுவும் நடக்காது. அந்த ஒன்பது முறையின் தைரியத்தில்தான் பத்தாவது முறையும் போகிறார்கள்.

கூடாரம் அடிக்கிற வேலையையே எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்து மண்ணில் நிற்கிற முளை மணலில் நிற்காது. காற்று இழுக்கிற இழுப்பில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வரும். விவரம் தெரிந்தவர்கள் முளையை நம்புவதில்லை. சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிடுவார்கள். மேட்டின் உச்சியில் காட்சி நன்றாகத் தெரியும். மின்னலுக்கும் அந்த இடம்தான் வசதி. இரண்டு மேட்டுக்கு நடுவே காற்று குறைவு, தரையும் சமம். ஆனால், அந்தச் சமதரை பெரும்பாலும் களிமண் படிந்த தாழ்வு. மழைநீர் சேருமிடம் அதுதான்.

எது சேருமிடம் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நூற்றாண்டுகளாகத் தெரியும். ஜெய்சல்மேர் பகுதியில் பாலிவால் பிராமணர்கள் கட்டிய ‘கடீன்’ கரைகள் இன்றும் இருக்கின்றன. பாறைச்சரிவில் ஓடிவரும் மழையைத் தாழ்வின் முனையில் நீளக் கரை போட்டு நிறுத்தி, தண்ணீர் வற்றிய ஈரத்தில் கோதுமை விதைப்பது அந்த முறை. சம் போகிற வழியில் உள்ள ஆளில்லாத குல்தரா கிராமத்துக்குப் பேய்க்கதை கேட்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் போகிறார்கள். பாலிவால்கள் தண்ணீரை எங்கே நிறுத்தினார்கள் என்று கேட்டுவிட்டு அந்த இடத்தைத் தவிர்த்துக் கூடாரம் போட்டால் அதைவிட உபயோகம்.

ஆனாலும், அறியாமையைவிடப் பெரிய காரணம் நாள்காட்டி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவைச் சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டை அருகே கண்காணிப்புக் கோபுரத்தில் மழையை ரசித்துக்கொண்டிருந்தவர்கள்மீது மின்னல் விழுந்து பத்துப்பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூன் 30 அன்று லோனாவாலா பூஷி அணைக்குப் பின்னால் அருவியில் ஒரு குடும்பத்தினர் ஐவர் அடித்துச் செல்லப்பட்டனர். 2025 ஜூன் 15 அன்று வாகட்டுக்குப் பக்கத்திலேயே, குண்ட்மலாவில் இந்திராயணி ஆற்றுப் பழைய இரும்புப் பாலம் கூட்டம் தாங்காமல் இடிந்து நால்வர் இறந்தனர். நான்கும் வெவ்வேறு விபத்துகள், வெவ்வேறு காரணங்கள். நாள் மட்டும் நான்கிலும் ஞாயிற்றுக்கிழமை.

லீவு கிடைத்த நாளில்தான் போக முடியும். போட்ட பணம் திரும்பாது என்றால் போயே ஆகவேண்டும். கூடாரத் தொழிலில் இந்த இரண்டாவது முடிச்சுதான் அவிழ்க்கக்கூடியது. ரயில் ரத்தானால் இ-டிக்கெட் பணம் தானாகக் கணக்குக்கு வந்துவிடுகிறது. கூடாரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ‘முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற ஒரு வரி, வானம் கறுத்தபோதும் ஆட்களை மணலுக்குத் தள்ளுகிறது. எட்டுப் பேர் பணம் போட்ட குழுவில் ‘வேண்டாமே’ என்று முதலில் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. பணத்தைத் திருப்புவது வாடிக்கையாளர் சேவை மட்டுமில்லை. அது பாதுகாப்பு ஏற்பாடும்கூட.

கூடாரக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவருக்கு வருமானம் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான். ஒட்டகக்காரர், சமையல்காரர், பாட்டுக்காரர் எல்லோருக்கும் அந்த இரவை நம்பியே கூலி. மேகத்தைப் பார்த்து பயந்தவருக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவர் கடையை மூடவேண்டியதுதான். எனவே மேகமும் பயமும் அளவுகோலாக முடியாது. வானிலைத் துறையின் நிறம் இருக்கிறது. அந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தால், முன்பணம் ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படும் என்று வைத்துவிடலாம். காசு கைமாற வேண்டாம், தேதி மாறினால் போதும். சண்டைக்கு இடமில்லை, ஏனென்றால் நிறத்தை முடிவுசெய்வது இரு தரப்பும் அல்லாத மூன்றாமவர்.

ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் சுற்றுலாத் துறைகள் கூடார முகாம்களுக்கு அனுமதி கொடுக்கும்போது இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். எச்சரிக்கை வந்ததும் முன்பதிவு செய்தவரின் கைபேசிக்கு அனுப்பவேண்டிய பொறுப்பும் முகாமுக்கே இருக்கட்டும். குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு அதே 2018இல் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024இல் 40 பாதைகளை வழிகாட்டிகளோடும் இணையவழி முன்பதிவோடும் திறந்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 2023இல், மழை நேரத்தில் பள்ளத்தாக்கு ஓடைகள் பக்கம் வேடிக்கை பார்க்கக் கூடுவதையே அபராதத்துக்குரிய குற்றமாக்கியது. மறு ஆண்டு ஏப்ரல் 16 அன்று அல் ஐன் அருகே ஒரே நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் கொட்டியபோது அந்த விதி ஏன் வந்தது என்று அங்குள்ள தமிழர்களுக்குப் புரிந்திருக்கும்.

விதி வரும்வரை பயணிகளும் சில வேலைகளைச் செய்துகொள்ளலாம். திட்டத்தில் அரை நாளைக் காலியாக விடலாம். இடி கேட்டதும் கூடாரத்தை விட்டுவிட்டு உலோகக் கூரையுள்ள காருக்குள் போய்விடலாம். ஈரமான களிமண்ணில் வண்டியை ஓட்டாமல் தரை காயும்வரை இருந்த இடத்திலேயே இருக்கலாம். 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ‘பர்னிங் மேன்’ விழாவுக்கு வந்த 70,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அதைத்தான் சொன்னார்கள். சேற்றில் சிக்கியவர்கள் உணவையும் தண்ணீரையும் சிக்கனமாக வைத்துக்கொண்டு சாலை திறக்கும்வரை காத்திருந்தார்கள். ஒரு நாளுக்கு மேல் தாங்கும் தண்ணீர் கையில் இருந்தால்தான் அந்தக் காத்திருப்பு சாத்தியம்.

வாகட்டின் வாட்ஸ்அப் குழுக்களில் அடுத்த நீண்ட வார இறுதிக்கு இப்போதே கணக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும். முன்பணம் அனுப்பும் முன் முகாமுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: ‘ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தருவீர்களா?’ பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘முடியாது’ என்றால் வேறு முகாம் பாருங்கள்.