ஸ்வீடனுக்குத் தத்துப்போன குழந்தைகளும் திருப்பூரின் ஒன்றரை ஷிப்டும்

ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள், இந்தியாவிலிருந்து அங்கு தத்தெடுக்கப்பட்ட 107 பெண்களின் வளர்ச்சியைப் பற்றிய ஆய்வொன்றை 1991இல் வெளியிட்டனர். அங்கு சென்று சேர்ந்தபோது அவர்களில் பலர் உயரமும் எடையும் குன்றியிருந்தனர். உணவும் மருத்துவமும் கிடைத்ததும் வேகமாக வளர்ந்தனர். ஆனால் இடைநிலையாக 11.6 வயதிலேயே பூப்பெய்தினர். மிகவும் குன்றியிருந்து மிக வேகமாக மீண்டவர்களுக்கே பூப்பு மிக முன்னதாக வந்தது. பூப்புக்குப் பின் எலும்பு வளரும் காலம் சுருங்கிவிடும். ஆகவே சராசரி இறுதி உயரம் 154 செ.மீ.யில் நின்றது.

இந்த முடிவை இருவிதமாக வாசிக்கலாம். ஸ்வீடனில் வளர்ந்தும் எட்டாத உயரம் மரபணுவில்தான் குறைவு என்பது ஒரு வாசிப்பு. இந்தியக் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவில் பெரும்பகுதி மரபணு சார்ந்தது என்று பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா 2013இல் வாதிட்டார். பிறவியைக் காரணம் காட்டும் வாதங்களை நாம் நன்கறிவோம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வகுத்த வளர்ச்சி அளவுகோலுக்கு அளக்கப்பட்ட ஆறு நாட்டுக் குழந்தைகளில், தெற்கு டெல்லியின் வசதியான வீட்டுக் குழந்தைகளும் அடக்கம். அவர்கள் நார்வே, ஓமன், கானா குழந்தைகளோடு ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்ந்தனர். எனவே மற்றொரு வாசிப்பே பொருந்துகிறது: தாயின் வயிற்றிலும் முதல் ஈராண்டுகளிலும் இழந்ததைப் பிற்காலச் சோறு முழுமையாக ஈடுசெய்யாது.

அந்த இழப்பு எல்லார்க்கும் சமமாக நேர்வதில்லை. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பட்டியல் சாதிக் குழந்தைகளில் 100க்கு 43 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர்; இதர வகுப்பினரிடம் இது 31.

(தத்து அனுப்புதலை நான் பரிந்துரைக்கவில்லை. சென்னையின் குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள் வெளிநாட்டுத் தத்தாக அனுப்பப்பட்டது 2005இல் அம்பலமானதை மறக்க இயலாது.)

திருப்பூருக்கு வருவோம். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு என்றால் பன்னிரண்டு மணிநேரம். செக்கிங்கிலும் அடுக்குவதிலும் நிற்கும் பெண் கருவுற்றிருந்தாலும் நின்றேதான் ஆக வேண்டும். ஈ.எஸ்.ஐ. மகப்பேறு உதவிக்கு 70 நாள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். ஒப்பந்ததாரரிடம் பீஸ் ரேட்டில் தைப்பவரின் பெயர் பதிவேட்டிலேயே இருப்பதில்லை. மகப்பேறு பயன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்றுவரவும் உரிமை தந்தது. ஆனால் ஒரே ஆர்டர் கட்டிங், தையல், செக்கிங் எனச் சிறு ஜாப் ஒர்க் கூடங்களுக்குப் பிரிந்துபோகிறது. எந்தக் கூடத்திலும் ஐம்பது பேர் இல்லை. ஏற்றுமதி செய்பவர் சட்டத்திற்கு வெளியே நிற்கிறார். அங்கன்வாடியோ ஷிப்டு முடியுமுன்பே மூடிவிடுகிறது.

இங்கே வழக்காடுவதற்கு இடமுண்டு. தொழிலாளரை எண்ணும்போது ஆர்டரின் முதன்மை முதலாளியையே அலகாகக் கொள்ள வேண்டும் என்று கோரலாம். அதற்கு முன், மாவட்டத்தில் காப்பகம் நடத்தக் கடமைப்பட்ட நிறுவனங்கள் எத்தனை, நடத்துபவை எத்தனை, நடத்தாதவற்றின்மீது எடுத்த நடவடிக்கை என்ன என்ற மூன்று கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அனுப்பப் பத்து ரூபாய் போதும். கல்லூரி மாணவர்கள் இந்த வாரமே தொடங்கலாம்.