கேள்வி – பதில்: ரேகை தேய்ந்தால் தவணை நிற்குமா?

கேள்வி: மரவள்ளி பிடுங்கியே கைரேகை தேய்ந்துவிட்டது. பி.எம். கிசான் இ-கேஒய்சிக்குக் கருவி என் விரலை ஏற்கவில்லை. என்ன செய்வது?
– வாசகர், வடக்கனந்தல்

பதில்: குறை உங்கள் விரலில் இல்லை, உழைக்கும் கையை அறியாத கருவியில்தான். ஒரு வழி அடைபட்டால் மறுவழி திறந்திருப்பதே நல்ல கருவிக்கு அடையாளம். இதற்கு இரண்டு மறுவழிகள் உண்டு.

1. ஆதாருடன் இணைத்த கைப்பேசி எண் இருந்தால், இணையதளத்தில் ஓடிபி மூலம் முடிக்கலாம்.

2. பி.எம். கிசான் செயலியில் 2023 ஜூனில் வந்த முகப்பதிவுக்கு ரேகையோ ஓடிபியோ வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் முகம் காட்டினால் போதும். ஏற்கெனவே முடித்த பக்கத்து விவசாயியும் தம் கைப்பேசியில் உங்களுக்குச் செய்து தரலாம்.

இ-கேஒய்சி முடியாவிட்டால் ரூ.2,000 தவணை வராது, தள்ளிப்போடாதீர்கள். போனில் கேட்பவர் யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள்.