வவுச்சர் எழுதியவரே பாஸ் பண்ணலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் பேசினான். பெங்களூரில் மென்பொருள் வேலை. என் மடிக்கணினியை வாங்கிக் கொடுத்து, தமிழ் விசைப்பலகை போட்டுக் கொடுத்தது எல்லாம் அவன்தான். குரலில் ஒரே உற்சாகம்.

"தாத்தா, இனிமே நீங்க ஒவ்வொண்ணா தேடித் தேடி அழுத்த வேண்டாம். விண்டோஸே உங்களுக்காக வேலை செய்யப் போகுது. போன மாச மருந்து பில்லை எல்லாம் எடுத்துச் சேர்த்து அனுப்புன்னு சொன்னாப் போதும். அதுவே ஃபைலைத் தேடும், அதுவே திறக்கும், அதுவே அனுப்பிடும்."

"சரிடா, அதை பாஸ் பண்றது யாரு?" என்று கேட்டேன்.

"என்னது தாத்தா?"

அவனுக்குப் புரியவில்லை. முப்பத்தாறு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் கேட்ட கேள்வி அது. உங்களில் பலருக்குப் புரியும். அவனுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் எல்லாம் தடித்த லெட்ஜர்தான். வாடிக்கையாளர் காசோலையை நீட்டுவார், பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருவார். கிளார்க் லெட்ஜரில் பதிவார். அதிகாரி கையெழுத்தை ஒப்பிட்டு, இருப்பைப் பார்த்து, பாஸ் பண்ணுவார். அதற்கப்புறம்தான் கேஷியர் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார். எழுதுகிற கை ஒன்று, சரிபார்க்கிற கை இன்னொன்று. எண்பதுகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது, பிறகு கணினி வந்தது, கோர் பேங்கிங் வந்தது. எல்லாம் மாறியும் இந்த ஒரு விதி மட்டும் மாறவில்லை.

ஒரு முறை மீறினோம். ஒரு சின்ன ஊர்க் கிளை, மாதக் கடைசி, இரண்டு பேர் லீவு. நல்ல நம்பிக்கையான கிளார்க்கிடம் "நீங்களே பதிஞ்சு நீங்களே பார்த்துடுங்க, நான் மொத்தமா கையெழுத்துப் போட்டுடறேன்" என்றேன். அவர் ஒரு பைசா எடுக்கவில்லை. ஆனால் ஒரு விவசாயியின் பணத்தை அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் வரவு வைத்துவிட்டார். திரும்பப் பார்த்தபோதும் அவர் கண்ணுக்குச் சரியாகவே பட்டிருக்கிறது. உரக்கடைக்கு அந்த விவசாயி கொடுத்த காசோலை பணமில்லை என்று திரும்பியது. மறுநாள் கவுண்டர் முன்னால் வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், "என் பேரு கெட்டுப்போச்சுங்களே சார்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்: ஒரே கண் இரண்டு முறை பார்த்தால், அதே தப்பைத்தான் இரண்டு முறை சரி என்று சொல்லும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2025 நவம்பரில் விண்டோஸ் பிரிவின் தலைவர் பவன் தவுலூரி, விண்டோஸ் ஒரு 'ஏஜென்டிக்' இயங்குதளமாக மாறி வருகிறது என்று அறிவித்தார். ஏஜென்ட் என்றால் நமக்குப் பதிலாக ஓடியாடி வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு. அதற்கென்று கணினிக்குள் தனிக் கணக்கு, தனி அறை. நாம் அனுமதித்தால் நம்முடைய ஆவணங்கள், பதிவிறக்கங்கள், படங்கள் இருக்கும் கோப்புறைகளுக்குள் போய் வேலையை முடித்துக்கொண்டு வரும். உடனே எதிர்ப்பு குவிந்தது. வேண்டாம் என்றவர்களில் பலர் கணினியைக் கரைத்துக் குடித்தவர்கள். ஆகவே கிழவன் பயப்படுகிறான் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

என்ன ஆபத்து? அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. நமக்கு வரும் ஒரு கோப்பிலோ வலைப்பக்கத்திலோ எவனோ ஒரு வரியை ஒளித்து வைத்திருப்பான். நம் கண்ணில் படாது, ஏஜென்ட் படிக்கும். 'இந்தக் கோப்பை இன்ன இடத்துக்கு அனுப்பு' என்று அதில் இருந்தால், அது எஜமானர் உத்தரவா, திருடன் உத்தரவா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போகலாம். வங்கி மொழியில் சொன்னால், எவனோ எழுதிய வவுச்சரை நம் கிளார்க் பாஸ் பண்ணிவிடுகிறார்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு வருடம் முன்பு ஒரு அழைப்பு. "உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு சார், நாங்களே உள்ளே வந்து சரிபண்றோம்" என்றார்கள். அவர்கள் சொன்ன செயலியைப் போட்டார். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஓய்வுப் பணத்தில் பெரும் பகுதி போயிற்று. அன்றிலிருந்து பார்க்கிற பெரியவர்களிடம் எல்லாம் "உங்க கம்ப்யூட்டரை இன்னொருத்தர் கையில் கொடுக்காதீங்க" என்று சொல்லி வருகிறேன். இப்போது கணினியே வந்து, "என் கையில் கொடு" என்கிறது. நாளைக்கு அம்புக்குறி தானாக நகர்ந்தால், அது ஏஜென்டா, திருடனா என்று எழுபது வயதுக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பேரன் சொன்ன சமாதானம்: "அது இயல்பா அணைச்சுதான் இருக்கும் தாத்தா. நீங்க போட்டாத்தான் வரும்."

உண்மைதான். ஆனால் சோதனைப் பதிப்புக்கான குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. கணினியின் நிர்வாகிதான் அதை இயக்க முடியும், ஒரு முறை இயக்கினால் அந்தக் கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் இயங்கும். நம் வீடுகளில் நிர்வாகி யார்? மகன், மருமகள், பேரன். அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள். நமக்கு உதவி என்று நினைத்து அவர்கள் ஒரு பொத்தானைத் தட்டினால், நம்மைக் கேட்காமலே நமக்கு ஒரு ஏஜென்ட் வந்து உட்கார்ந்துவிடும்.

"பிடிக்கலைன்னா பழசிலேயே இருங்க" என்பதும் நடக்காது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் ஒரு வருடம் பெறத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நன்றாக ஓடிய பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது, டி.பி.எம் 2.0 வேண்டும் என்று 2021-லேயே சொல்லிவிட்டார்கள். கதவைப் பின்னால் சாத்திவிட்டு, விருப்பம் உங்களுடையது என்கிறார்கள்.

எல்லாமே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு வாரம் எனக்குச் செய்தியைப் படித்துக் காட்டியது இதே கணினிதான். கை நடுங்குபவர்களுக்கு, வாயால் சொன்னால் வேலை நடப்பது வரம். கிளார்க் வேண்டாம் என்றா நான் சொல்கிறேன்? கிளார்க்கே அதிகாரியாகவும் ஆகக்கூடாது என்கிறேன்.

நான் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, பணம் செலுத்துவது, அழிப்பது, வெளியே அனுப்புவது: இந்த மூன்றையும் ஏஜென்ட் தயார் செய்யட்டும். முடிக்கிற பொத்தானை ஒவ்வொரு முறையும் என் விரல்தான் அழுத்த வேண்டும். 'எப்போதும் அனுமதி' என்பது தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலை. அப்படி ஒரு வசதியே இந்த மூன்றுக்கும் இருக்கக்கூடாது.

இரண்டு, அன்றாடப் பதிவேடு. ஏஜென்ட் எந்தக் கோப்பைத் தொட்டது, என்ன செய்தது என்பதை சாயங்காலம் நான் டே புக் மாதிரிப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்று, அதெல்லாம் தமிழில் வேண்டும். தமிழ் 99 விசைப்பலகை 1999-இல் தரப்படுத்தப்பட்டது. விண்டோஸிலேயே அது உள்ளடங்கி வந்தது 2019-இல். இருபது வருடம்! தட்டச்சுக்குக் காத்திருந்தோம், பரவாயில்லை. சம்மதம் கேட்கும் சாளரத்துக்குக் காத்திருக்க முடியாது. புரியாத மொழியில் வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல. கைநாட்டு வைக்க வருபவருக்குப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்ட பிறகுதான் மைப்பெட்டியை நீட்டுவோம். அந்த மரியாதை எனக்கும் வேண்டும்.

இன்னும் முழுசாக வராததற்கு ஏன் இப்போதே கத்துகிறேன் என்று கேட்கலாம். 2024 மே மாதம் 'ரீகால்' என்று ஒன்றை அறிவித்தார்கள். சில விநாடிகளுக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடித்துச் சேமிக்கும் வசதி. அந்தச் சேமிப்பு போதிய பூட்டில்லாமல் இருப்பதைப் பாதுகாப்பு வல்லுநர்கள் காட்டிக் கூச்சல் போட்டார்கள். ஜூனில் வர வேண்டியது தள்ளிப்போயிற்று. பூட்டைப் பலப்படுத்தி, நாமாகக் கேட்டால் மட்டுமே இயங்கும்படி மாற்றி, 2025 ஏப்ரலில்தான் வெளியிட்டார்கள். வருவதற்கு முன்னால் சொன்னதால் காதில் விழுந்தது. வந்து பழகிய பிறகு சொன்னால் 'தாத்தாவுக்கு வேற வேலையில்லை' என்பார்கள்.

நேற்று பேரனை மறுபடி கூப்பிட்டேன். "நிர்வாகி கடவுச்சொல்லை என் பேருக்கு மாத்திக் கொடுடா" என்றேன். "மறந்துட்டா என்ன பண்ணுவீங்க தாத்தா?" என்றான். பீரோவில், லாக்கர் சாவிக்குப் பக்கத்தில், எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் இந்த வாரமே கேளுங்கள்: நம்ம கம்ப்யூட்டருக்கு நிர்வாகி யாரு?