பண்ருட்டி மரம், தஞ்சாவூர் வீணை... செய்தவர் யார்?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு பக்கம் வந்தால் கண்ணில் படுவது சிப்காட் ஆலைகள்தான். அதே கடலூரிலிருந்து மேற்கே பண்ருட்டிக்குத் திரும்பினால் காட்சியே வேறு. செம்மண், முந்திரித் தோப்பு, சாலையோரம் குவித்து வைத்த பலாப்பழம். வண்டியை நிறுத்திப் பழம் வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அந்த மரம்தான் பின்னாளில் மிருதங்கமாகிறது; தஞ்சாவூருக்குப் போய் வீணையாகிறது.

வீணைக்கு எல்லாப் பலாவும் ஆகாது. 30, 40 வயதைத் தாண்டி, வைரம் பாய்ந்த மரம் வேண்டும். கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த மரத்துக்கு நாதம் கூடுதல் என்றும் சொல்வார்கள். மணியோசை மரத்துக்குள் போகுமோ என்னவோ, கோயில் பக்கத்து மரத்தை யாரும் சட்டென்று வெட்டத் துணிவதில்லை. அதனால் அது நன்றாக முற்றியிருக்கும். காரணம் அதுவாகவும் இருக்கலாம்!

அப்படி முற்றிய மரங்களுக்குத்தான் 2011 டிசம்பர் 30 பெரிய அடியாக விழுந்தது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மறு வருடமே கன்று நட்டவர்களுக்குப் பழம் கிடைத்திருக்கும். ஆனால் வீணைக்கு ஆகும் வயது அந்த மரங்களுக்கு வர இன்னும் பல வருடம் இருக்கிறது.

மரம் தஞ்சாவூர் வந்ததும் வேலை ஆரம்பம். குடத்தைக் குடைகிறார்கள், தண்டியைச் செதுக்குகிறார்கள், முனையில் யாளி முகம் வைக்கிறார்கள். மூன்று பாகத்தையும் தனித்தனியே செய்து சேர்ப்பது ஒட்டு வீணை. ஒரே மரத்தில் முழுதாகக் குடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை. அதற்கு ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் பழுதில்லாத அடிமரம் வேண்டும் என்பதால் விலையும் அதிகம், கிடைப்பதும் அரிது. இன்றைய 24 மெட்டு வீணைக்கு வடிவம் கொடுத்ததாக 17-ம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் பெயரைச் சொல்கிறார்கள்.

சரி, மன்னர் பெயர் தெரிகிறது. உளி பிடித்தவர் பெயர்?

இங்கேதான் ஸ்பெயின் நினைவுக்கு வருகிறது. அங்கேயும் கிதார் செய்வது பட்டறைத் தொழில்தான். கிரனாடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு ஏறும் கோமெரஸ் தெருவில் கிதார் கடைகள் பிரசித்தம். இன்றைய கிளாசிக்கல் கிதாருக்கு உருவம் கொடுத்தவர் 1817-ல் அல்மேரியா அருகே பிறந்த அன்டோனியோ டி டோரஸ். அடிப்படையில் தச்சர்! கிதாரின் நாதம் மேல் பலகையில்தான் இருக்கிறது என்று காட்ட, 1862-ல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து ஒரு கிதாரையே உருவாக்கினார். ஒலித் துளைக்குள் எட்டிப் பார்த்தால் செய்தவர் பெயர் போட்ட சிறு காகிதம் ஒட்டியிருக்கும். அவர் செய்த கிதாரை இன்றும் 'டோரஸ்' என்றே அழைக்கிறார்கள். இன்னொன்று, அந்த ஊர் கிதார்கள் பலவற்றின் முதுகில் இருப்பது இந்தியாவிலிருந்து போன ஈட்டி மரம்.

நம் வீணையை எப்படி அழைக்கிறோம்? தஞ்சாவூர் வீணை. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இந்தியாவில் அதைப் பெற்ற முதல் இசைக்கருவி என்ற பெருமையும் சேர்ந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அது ஊருக்குக் கிடைத்த பெயர். ஒரு வீணைக்கு வாரக்கணக்கில் உளியும் இழைப்புளியுமாக உட்கார்ந்திருப்பவருக்குக் கூலிதான் கிடைக்கிறது. அவர் பிள்ளை படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் யார் குறை சொல்ல முடியும்?

செய்தவரைவிட, மேளம் கட்டுகிறவர் கொஞ்சம் கொடுத்து வைத்தவர். கிதாரில் மெட்டுக் கம்பிகளைக் கணக்குப் போட்டு, வெட்டிய பள்ளத்தில் ஒரு தடவை அடித்துவிட்டால் முடிந்தது. வீணையில் அப்படியில்லை. தேன்மெழுகும் கரியும் கலந்த மெழுகுச் சட்டத்தின் மேல் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பதிக்க வேண்டும். இம்மி நகர்ந்தாலும் சுருதி தப்பும். கடைசியில் தீர்ப்பு சொல்வது அளவுகோல் இல்லை, காதுதான். வெயிலில் மெழுகு இளகினால், வாசித்து வாசித்து மெட்டு தேய்ந்தால், மறுபடி அவரைத்தான் கூப்பிட வேண்டும். அதனால் வீணைக் கலைஞர்களுக்கு இவர் பெயரும் தெரியும், போன் நம்பரும் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பாடுதான் கஷ்டம். ஊருக்கு வரும்போது வீணையையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

குடத்தின் அடியில் ஒரு சின்னத் தகடு வைத்தால் என்ன? செய்தவர் பெயர், செய்த வருடம், மரம் எந்த ஊர்... மூன்றே வரி. இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. வாங்குகிறவர் கேட்டால் பட்டறையில் மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்கள்? வீட்டில் பாட்டி வாசித்த பழைய வீணை உறை போட்டுக் கிடக்கிறதா? அதை யாரிடம் வாங்கினார்கள், யார் மேளம் கட்டினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் போட்டு வையுங்கள்.