ஒதுக்கீட்டில் வென்றவருக்குப் பின்னால் யார்?

2020 டிசம்பரில் கேரளத்தின் கொல்லம் மாவட்டம் பத்தனாபுரம் ஒன்றிய ஊராட்சியின் தலைவரானார் ஆனந்தவல்லி. அதே அலுவலகத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பகுதிநேரத் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவர். நாற்காலியைத் துடைத்தவரே அதில் அமர்ந்தார் என்று ஊடகங்கள் நெகிழ்ந்தன. அரசமைப்பின் 243ஈ பிரிவு வழங்கும் ஒதுக்கீட்டு உரிமையால் திறந்த கதவு அது என்பது அந்த நெகிழ்ச்சியில் கரைந்துபோயிற்று.

அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த இன்னொரு படத்தை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஒதுக்கீட்டில் வென்ற ஊராட்சித் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்டிருந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது.

ஆனந்தவல்லி மார்க்சிஸ்ட் கட்சியின் வேட்பாளர். அவரை அவமதிப்பவர் கட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும். தமிழகச் சிற்றூராட்சித் தேர்தலிலோ கட்சிச் சின்னம் கிடையாது. (கட்சிகள் மறைவில் ஆள் நிறுத்துவது வேறு கதை.) எனவே போட்டியிடும் தலித் கொத்தனார் தனியாளாகவே நிற்கிறார். அவருக்கு வேலை தருபவர்களே பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினர்.

அவர் சந்தா செலுத்தும் தொழிற்சங்கம் அப்போது எங்கே? உறுப்பினர்கள் விரும்பித் தரும் தனி நிதியிலிருந்து உள்ளாட்சி வேட்பாளரின் தேர்தல் செலவை ஏற்க 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆம் பிரிவே வழிவிட்டிருந்தது. நலவாரிய அட்டை புதுப்பிப்பதோடு சங்கங்கள் நின்றுகொள்வதை நாம் ஏற்பதற்கில்லை. வென்ற தோழர் பொறுப்பேற்கும் நாளில் ஊராட்சி அலுவலகம் வரை சங்கத்தார் உடன் செல்லட்டும். அடுத்தடுத்த மன்றக் கூட்டங்களில் என்ன நடந்தது என்று கேட்கவும் செய்யட்டும்.