மனநோய் வைத்தியமும் உதவியாளர் பதவியும்

ஏர்வாடியில் 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி மூண்ட தீயில் 28 மனநோயாளிகள் உயிரிழந்ததை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் ஓட முடியாதபடி சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் திட்டமாகத் தடுத்திருக்கிறது. நல்லதே. ஆனால் சங்கிலி கழற்றப்பட்டவன் வீடு திரும்பிய பிறகு அவனோடும் அவன் தாயோடும் உட்கார்ந்து பேசுகிறவர் யார்? இக்கேள்விக்குச் சட்டத்தில் விடை தேடினால் கிடைக்காது. விடையாக இருக்க வேண்டியவர், நாம் இன்று எழுத எடுத்துக்கொண்ட உதவி மனோதத்துவ ஊழியர்.

பெரிய ஆஸ்பத்திரியின் மதிலுக்குள் நோயாளியை அடைப்பதை விட்டு, அவன் ஊருக்கருகிலேயே வைத்தியம் கிடைக்கச் செய்ய வேண்டுமென்று 1982-ம் வருஷத்தில் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. பல்லாரி ஜில்லாவில் அம்முறை பரீட்சிக்கப்பட்டு, 1996-ல் ஜில்லா மனநலத் திட்டம் ஆரம்பமாயிற்று. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஜில்லாக்களில் நமது திருச்சிராப்பள்ளியும் ஒன்று. ஆயினும் 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகைக்குத் தக்கபடி 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாமலே இருக்கின்றனர் என்று காட்டிற்று.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு தாலுக்கா ஆஸ்பத்திரியில் நாம் நேரில் கண்டதைச் சொல்லுகிறோம். மனநோய் வைத்தியர் வரும் நாள். தாழ்வாரம் முழுவதும் கூட்டம். வைத்தியர் நல்லவர், ஆனால் ஒருவருக்குச் சில நிமிஷங்களுக்கு மேல் அவரால் கொடுக்க முடியவில்லை. மருந்துச் சீட்டோடு வெளியே வருகிறவர்களை வரவேற்றது மனோதத்துவ சாஸ்திரத்தில் பட்டம் பெற்ற ஓர் இளம்பெண். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் என்ன நேரும் என்று தாய்மாருக்கு விளக்குவதும், சென்ற தடவை வராதவர் ஏன் வரவில்லை என்று விசாரிப்பதும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று பக்குவமாகக் கேட்டறிந்து உடனே வைத்தியரிடம் தெரிவிப்பதும் அவர் வேலை. இவ்வளவையும் அவர் செய்தது கதவில்லாத ஒரு மூலையில், மற்ற நோயாளிகளின் காதுக்கெட்டும் தூரத்தில். நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டுமென்று மேற்படி சட்டத்தின் 23-வது பிரிவு கூறுகிறது. பிரிவு இருக்கிறது; அறைதான் இல்லை.

அங்கு வந்த ஒரு குடியானவப் பெண், "நெஞ்சிலே கல்லை வச்ச மாதிரி இருக்கு, சோறு இறங்கலே" என்றாள். இதை ஆங்கிலப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? கோர்ட்டில் பழகிய நமக்கு இக்கஷ்டம் புதிதன்று. சாட்சி தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் வாக்குமூலமாக ஏறும்போது அதன் உயிர் போய்விடுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அங்கே வழக்குத்தான் தோற்கும். இங்கே வியாதியே தவறிப்போகும். உதவியாளர் அப்பெண்ணின் வார்த்தையை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டார். படிவத்தில் அதற்கு இடமில்லாததால் ஓரத்தில் எழுதினார்.

இத்தகைய ஊழியருக்கு நாம் அளிக்கும் ஸ்தானம் என்ன? 2017-ம் வருஷத்துச் சட்டம் மனநோய் வைத்தியரை நிர்ணயிக்கிறது. இரண்டு வருஷ எம்.பில். பயிற்சி முடித்த மருத்துவ மனோதத்துவ நிபுணரையும் நிர்ணயிக்கிறது. உதவியாளருக்கு அதில் பெயரே இல்லை. திட்ட ஊழியர்களைத் தொகுப்புச் சம்பளத்தில், ஒப்பந்தத்தின்மேல் வைத்து வேலை வாங்குவது நாட்டின் பல பாகங்களிலும் வழக்கமாயிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் ஊழியர் போகிறார். அவரை நம்பித் தன் துயரத்தை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்ன நோயாளி, மறுபடி புதிய ஒருவரிடம் ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை, வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

பூரணப் பயிற்சி பெறாதவரிடம் நோயாளியை விடலாமா என்று சில கனவான்கள் ஆட்சேபிக்கக் கூடும். ஆட்சேபம் நியாயமானதே, தனியே விட்டால் அபாயந்தான். ஆனால் கோவாவில் நடந்ததைக் கவனியுங்கள். அங்கே மனோதத்துவப் பட்டமே இல்லாத சாதாரண ஜனங்களுக்குப் பயிற்சி அளித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வுற்றவர்களோடு ஆறு முதல் எட்டுத் தடவை பேசச் செய்தனர். நோயாளிகள் குணமடைந்த விவரம் 2017-ல் 'லான்ஸெட்' என்னும் பிரபல வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஒலிப்பதிவு செய்த பேச்சுக்களை வாரந்தோறும் கூடிக் கேட்டு, ஒருவர் குறையை ஒருவர் எடுத்துக்காட்டும் மேற்பார்வை முறை அங்கே இருந்தது. இவ்வேற்பாடில்லாமல் பட்டதாரியை மட்டும் அனுப்புவது அவருக்கும் அநீதி, நோயாளிக்கும் அநீதி.

இங்கிலாந்திலும் 'உதவி மனோதத்துவ நிபுணர்' என்ற பதவி உண்டு. நிபுணரின் மேற்பார்வையில்தான் அவர் வேலை செய்ய வேண்டும். அந்நாட்டைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. சம்பளமில்லாத 'கௌரவ' உதவியாளர்களை வைத்துக்கொண்ட கெட்ட வழக்கம் அங்கேயும் இருந்து கண்டனத்துக்கு ஆளாயிற்று. சீனியர் வக்கீலின் கட்டுகளைச் சம்பளமின்றிச் சுமந்த ஜூனியர்களாகிய நமக்கு அதன் ருசி தெரியும். வீட்டில் வசதியுள்ளவன்தான் அப்படிக் காத்திருக்க முடியும். ஏழை வீட்டுப் பிள்ளை, நோயாளியின் பாஷையை நன்கறிந்தவன், முதல் வருஷத்திலேயே வேறு உத்தியோகம் தேடிப் போய்விடுவான்.

நாம் கோருவது பெரிய தொகையன்று. நிரந்தர ஸ்தானம், வாரம் ஒரு முறை நிபுணரின் மேற்பார்வை, தமிழில் தயாரித்த படிவங்கள், கதவுள்ள ஓர் அறை. அடுத்த வரவு செலவுத் திட்டம் சட்டசபைக்கு வரும்போது, ஜில்லாவாரியாக இந்த ஸ்தானங்கள் எத்தனை, அவற்றில் காலி எத்தனை, மேற்பார்வை செய்பவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் நமது அங்கத்தினர்கள் கேட்கட்டும். ஸர்க்கார் தரும் பதிலை ஒரு வார்த்தையும் விடாமல் இப்பத்திரிகையில் பிரசுரிப்போம்.