மாடு ஏற மறுத்தால் வண்டியைப் பாருங்கள்

சந்தை நாளன்று எந்த ஊர் முச்சந்தியில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். 'குட்டி யானை' வண்டி ஒன்று பின்கதவைத் திறந்து நிற்கும். ஒருவர் வண்டிமேல் நின்று மூக்கணாங்கயிற்றை இழுப்பார். இருவர் பின்னால் நின்று தள்ளுவார்கள். ஒருவர் வாலை முறுக்குவார். மாடு முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு அசையாது நிற்கும். கடைசியில் அடி விழும். மாடு தாவும், முழங்கால் தகட்டில் மோதும். "பிடிவாதம் பிடித்த மாடு" என்று பெயரும் வாங்கிக்கொண்டு அது சந்தைக்குப் போகும்.

அந்த மாட்டிடம் இருப்பது பிடிவாதம் இல்லை, பயம். பயப்பட அதற்குக் காரணமும் இருக்கிறது. நான் உழவியல் படித்தவன், கால்நடை மருத்துவன் அல்லன். ஆனால் பண்ணையின் வரவு செலவில் மாடும் ஒரு வரிதான். நொண்டிக்கொண்டு சந்தையில் இறங்கும் மாட்டுக்குத் தரகர் துண்டுக்குள் பிடிக்கும் விரல் ஒன்று குறைகிறது என்றால், அந்த இழப்பைப் பற்றி உங்களுடன் பேசும் கடமை எனக்கும் உண்டு.

நம் தாத்தா காலத்தில் மாடுகள் சந்தைக்கு நடந்தே போயின. பொள்ளாச்சிக்கும் மணப்பாறைக்கும் கருங்கல்பாளையத்துக்கும் இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு போவார்கள். இன்று வண்டிதான் வழி. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் தொழுவத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் தவிர வேறெதையும் அறியாத மாடு, விற்கப்போகும் அன்றுதான் முதன்முதலாக வண்டியைப் பார்க்கிறது. உழவுக்கு ஒரு காளையைப் பழக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறோம்? வண்டி ஏற மட்டும் ஐந்து நிமிடத்தில் பழக வேண்டும் என்கிறோம்.

மாட்டின் கண்ணால் பாருங்கள்

மாட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழுவதையும் அதனால் பார்க்க முடியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அந்த இடத்தில் நின்று நீங்கள் குரல் கொடுத்தால் அது திரும்பிப் பார்க்கும் அல்லது உதைக்கும், முன்னே போகாது. முன்னால் நிற்பவர் அதன் முகத்தைப் பார்த்து இழுத்தால் பின்வாங்கும். அதை முன்னே நடத்தச் சரியான இடம், தோளுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில். அங்கே நின்று ஓரடி நெருங்கினால் போதும்; மாடு ஓரடி முன்வைக்கும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான். நம் மாடு மேய்ப்பவர்களுக்கும் இது தெரியும். சந்தை அவசரத்தில் மறந்துவிடுகிறோம்.

மாட்டை நிறுத்தும் இன்னொரு சங்கதி, வெளிச்சமும் நிழலும். தார்ப்பாய் போட்டு மூடிய வண்டியின் உட்புறம் அதற்கு இருட்டுக் குகை. தரையில் விழும் கோடு நிழல் அதற்குப் பள்ளம் போலத் தோன்றும். ஆடும் சங்கிலி, காற்றில் படபடக்கும் தார்ப்பாய் நுனி, கண்ணுக்கு நேரே அடிக்கும் வெயில் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும் அதைத் தடுக்க. எனவே கம்பை எடுக்கும் முன், மாட்டின் தலை உயரத்துக்குக் குனிந்து வண்டிக்குள் ஒருமுறை பாருங்கள். தார்ப்பாயைச் சுருட்டிவிடுங்கள். சங்கிலியைக் கட்டிவிடுங்கள். இரவில் ஏற்றினால் விளக்கு வண்டிக்குள் எரியட்டும். மாட்டின் கண்ணில் டார்ச் அடிக்க வேண்டாம்.

சரிவும் தரையும்

மாடு ஏறுவதற்குச் சாய்வு 20 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. அடிக் கணக்கில் சொன்னால், வண்டித் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்றால் சாய்வுப் பலகை ஏறக்குறைய ஏழரை அடி நீளமாவது வேண்டும். மூன்றரை அடி உயர லாரிக்குப் பத்தரை அடி. நாம் வைப்பதோ நாலடிப் பலகை. அதில் ஏறுவது ஏணியில் ஏறுவது போலத்தான். பலகையில் குளம்பு பிடிக்க, 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் அடித்துவையுங்கள். நடக்கும்போது பலகை ஆடாமலும் 'தடதட'வென ஓசை எழுப்பாமலும் இருக்க, அடியில் மண்மூட்டை கொடுங்கள். பலகைக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் வைக்கோல் போட்டு மூடுங்கள்.

பலகையே இல்லையா? மேடான களம், கிணற்று மேட்டின் ஓரம், சாலையோரக் கரை என ஏதாவது ஒன்று ஊரில் இருக்கும். வண்டியைப் பின்னால் எடுத்து அதனுடன் ஒட்டி நிறுத்தினால் மாடு சமதரையில் நடப்பது போல உள்ளே போய்விடும். அனுபவசாலிகள் செய்துவரும் உபாயம்தான் இது. செலவே இல்லாதது.

வண்டியின் தகட்டுத் தரை, சாணமும் மூத்திரமும் பட்டால் எண்ணெய் தடவியது போல் ஆகிவிடும். ஒருமுறை வழுக்கி விழுந்த மாடு அடுத்த முறை நிச்சயம் ஏறாது. அதன் ஞாபகம் அவ்வளவு கெட்டி. தென்னைநார் விரிப்போ, தொழுவத்தில் போடும் ரப்பர் விரிப்போ போட்டு, மேலே வைக்கோல் பரப்புங்கள். வழியில் அதைத் தின்னவும் செய்யும்.

நான்கு நாள் போதும்

விற்கவோ, சினை ஊசிக்கோ, கண்காட்சிக்கோ மாட்டை வண்டியில் கொண்டுபோகப் போவது முன்கூட்டியே தெரிந்தால் நான்கு நாள் ஒதுக்குங்கள். தினமும் பத்து நிமிடம்.

முதல் நாள், நிறுத்திய வண்டியின் அருகில் தீவனம் வையுங்கள். அது முகர்ந்து பார்க்கட்டும். இரண்டாம் நாள், பலகையின் மேல் தீவனம். முன்னங்கால் இரண்டையும் பலகையில் வைத்தால் போதும்; திருப்பி அழைத்து வந்துவிடுங்கள். மூன்றாம் நாள், உள்ளே ஏறித் தின்னட்டும், கதவைச் சாத்தாதீர்கள், இறங்கவும் பழக்குங்கள். நான்காம் நாள், கதவைச் சாத்தி, எஞ்சினை ஓடவிட்டு, முடிந்தால் தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். சொந்த வண்டி இல்லாதவர்கள் தொழுவத்திலேயே ஒரு பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் நடக்கப் பழக்கலாம். அதுவே பாதி வேலை.

கயிறு பிடிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கயிறு இறுகினால் மாடு எதிர்த்து இழுக்கும். மெல்ல இறுக்கிப் பிடித்துக் காத்திருங்கள். அது ஓரடி முன்வைத்த அதே நொடியில் கயிற்றைத் தளர்த்துங்கள். 'முன்னே போனால் தொல்லை நின்றுவிடுகிறது' என்று அது புரிந்துகொள்ளும். முன்வைத்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், முன்னே போவதால் பயனில்லை என்றுதான் கற்றுக்கொள்ளும். இழுப்பது தலைக்கயிற்றைத்தான், மூக்கணாங்கயிற்றை அல்ல. வண்டிக்குள் கட்டுவதும் அப்படியே. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். மாடு விழுந்துவிட்டால் அந்த முடிச்சுதான் உயிர் காக்கும்.

"வாடகை வண்டி காத்திருக்கிறது, இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான்கு பேர் அரைமணி நேரம் மல்லுக்கட்டுவதும் நேரம்தான். மிரண்ட கறவை மாட்டின் உடலில் சுரக்கும் அட்ரினலின், பாலை இறங்கச் செய்யும் ஆக்சிடோசினைத் தடுத்துவிடும். வாங்க வந்தவர் மடியில் கைவைக்கும்போது பால் இறங்காவிட்டால், அந்த நஷ்டம் யாருக்கு?

எதை ஏற்றக் கூடாது, எப்படி ஓட்ட வேண்டும்

ஈற்றுக்கு ஒரு மாதமே இருக்கும் சினை மாட்டையும், காய்ச்சலில் இருப்பதையும், நான்கு காலையும் சமமாக ஊன்ற முடியாததையும் ஏற்றாதீர்கள். கறவை மாட்டைக் கறந்துவிட்டு ஏற்றுங்கள். கன்றுடன் போகிறது என்றால், தாயின் கண்ணுக்குத் தெரியும்படி, மிதிபடாமல் தடுப்புக்கு அப்பால் கன்று இருக்கட்டும். கோடையில் விடியற்காலையோ இரவோ புறப்படுங்கள். பகலில் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவதுதான் ஆகக் கொடுமை. ஓடும் வண்டியில் இருக்கும் காற்றுகூட நிற்கும் வண்டியில் இருக்காது.

மாடு பயணத்தில் நின்றுகொண்டேதான் வரும். நமக்குப் பிடித்துக்கொள்ளக் கை இருக்கிறது. அதற்கு நான்கு கால் மட்டுமே. திடீர் பிரேக்கிலும் வளைவில் வேகமாகத் திரும்புவதிலும்தான் பெரும்பாலும் தடுமாறும். ஓட்டுநரிடம் வாடகை பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். புறப்பட்ட அரைமணியில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குக் குதிரை கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னதெல்லாம் குதிரைக்கும் பொருந்தும். பயம் இன்னும் அதிகம் என்பதால் பொறுமையும் அதிகம் வேண்டும். முக்கியமாக, நீண்ட பயணத்தில் குதிரையின் தலையை மேலே தூக்கிக் கட்டாதீர்கள். தலையைத் தாழ்த்த முடிந்தால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியேறும். இல்லாவிட்டால் நுரையீரல் அழற்சியில் போய் முடியும். இடையிடையே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்க விடுங்கள்.

விதி இருக்கிறது, வசதி இல்லை

இவையெல்லாம் என் சொந்தக் கற்பனை இல்லை. விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ம் ஆண்டு விதிகள், மாடு பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும் என்கின்றன. தரையில் வழுக்காத விரிப்பு, ஏற்றி இறக்க மேடை, வண்டிக்கு ஓர் உதவியாள், மாட்டின் முகம் எஞ்சின் பக்கம், ஒரு சரக்கு வண்டியில் ஆறுக்கு மேல் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. குதிரைக்கு இடையிடையே மூங்கில் தடுப்பு வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2015-ல் சேர்த்த பிரிவு, ஒரு பசுவுக்கோ எருமைக்கோ 2 சதுர மீட்டர் தனித் தடுப்பு கேட்கிறது. குட்டி யானையின் தளமே ஏறக்குறைய 3 சதுர மீட்டர்தான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

விதிப்படி மாட்டை ஏற்று என்று விவசாயிக்குச் சொல்லும் அரசு, ஏற்றுவதற்கான மேடையைச் சந்தையில் கட்டித் தந்திருக்கிறதா? மாட்டுக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலாகிறது. அந்த வசூல் உரிமையை உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் ஏலம் விடுகின்றன. ஆனாலும் பல சந்தைகளில் மாடு இறங்க வேண்டுமானால் வண்டியிலிருந்து குதித்துத்தான் ஆக வேண்டும். இறங்கும்போதுதான் கால் முறிகிறது.

வேண்டியது பெரிய கட்டுமானம் ஒன்றும் இல்லை. இருபுறமும் கல் வைத்து நடுவில் மண் நிரப்பி, மேலே சொரசொரப்பான காரை பூசிய சாய்தளம். 10 சென்டிமீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட படிகளாக அமைத்தால் மழையிலும் வழுக்காது. சிறு வண்டிக்கு இரண்டரை அடி உயரத்தில் ஒன்று, லாரிக்கு மூன்றரை அடி உயரத்தில் ஒன்று. இருபக்கமும் மாட்டின் நெஞ்சு உயரத்துக்குத் தடுப்பு. அருகில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு நிழல் மரம். சுங்க ஏல நிபந்தனைகளில் 'சாய்தளப் பராமரிப்பு' என்று ஒரு வரியைச் சேர்த்தால் அது என்றைக்கும் நிலைக்கும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுப்புங்கள். சந்தை பேரூராட்சியிலோ நகராட்சியிலோ இருந்தால் பத்து விவசாயிகள் கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள். விரிவாக்கப் பணியாளர்களுக்கு என் வேண்டுகோள்: தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில் ஒரு வண்டியை நிறுத்தி, மாட்டை அடிக்காமல் ஏற்றுவதைச் செய்து காட்டுங்கள். பத்துத் துண்டறிக்கையைவிட அது பேசும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சட்டம் அடித்த மடக்குப் பலகை ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம்.

அதுவரை, உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். இந்த வாரம் சந்தைக்குப் போகிறவர் என்றால், கம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு கட்டு வைக்கோலையும் ஒரு விரிப்பையும் எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள்.